முதுகு காட்டி உட்கார்ந்தவர்

அவருடைய முகத்தை நினைத்துப் பார்த்தால் சரியாக வருவதில்லை. மூக்குத்தி போட்டிருந்தார், எந்தப் பக்கம் என்று கேட்டால் தடுமாறுவேன். முதுகு மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. லேசாகக் கூன் விழுந்த முதுகு. வியர்வையில் ஒட்டிய ஜாக்கெட். கொண்டைக்குக் கீழே தாயத்துக் கயிறு ஒன்று கறுப்பாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் பார்த்தது பெரும்பாலும் அதைத்தான்.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் இருக்கும் நகரில், மனை போட்டபோதே பூங்காவுக்கென்று விட்ட இடம் ஒன்று உண்டு. வெகுகாலம் அங்கே சீமைக்கருவேலமும் உடைந்த பீங்கானும்தான் இருந்தன. தெருவில் சிலர் சேர்ந்து அதை வெட்டித் துப்புரவாக்கிப் பாத்தி கட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருவர், மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், கல்லூரியில் தாவரவியல் நடத்தும் பேராசிரியை ஒருவர். யாருக்கும் சம்பளம் கிடையாது. விளைந்த கத்திரிக்காயையும் கீரையையும் தண்ணீர் ஊற்றியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு. விதை முளைக்க வைப்பது, மண்புழு உரம், விதைப்பந்து உருட்டுவது இப்படி. முதலில் பேராசிரியைதான் பலகை வைத்து இலையின் குறுக்குவெட்டெல்லாம் வரைந்து நடத்தினார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அதன் பிறகு பிள்ளைகளின் பொறுப்பு எப்படியோ இவரிடம் வந்து சேர்ந்தது.

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் இவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். தோட்டத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் ஜெராக்ஸ் அத்தை என்று கூப்பிடுவார்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.

என் மகள் கயலை முதல்முறை அங்கே கொண்டுபோய் விட்ட அன்று, பிள்ளைகள் களைக்கொத்தும் கையுமாக மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் தன்னைவிட உயரமான கடப்பாரையைத் தூக்கப் பார்த்தான். பெரியவர்கள் யாரையும் காணோம். சுற்றுச்சுவரைப் பார்த்தபடி பிளாஸ்டிக் ஸ்டூலில் ஒரு பெண் முறத்தில் அவரை விதை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"யாருங்க புள்ளைங்கள பாத்துக்கறது?" என்றேன்.

"நான்தாங்க."

"நீங்க செவுத்தப் பாத்துக்கினு இருக்கீங்களே."

"செவுரு எங்கயும் ஓடாதுங்க. தெகிரியமா பாக்கலாம்" என்றார். திரும்பவில்லை.

நான் கயலை அங்கேயே விட்டுவிட்டு வந்தேனா, கூடவே நின்றேனா? நின்றேன். வகுப்பு முடிகிறவரை தோட்டத்துக் கேட்டருகே செருப்பு தேய நின்றேன். அன்று மட்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

ஏன் இப்படி உட்காருகிறார் என்பது தோட்டத்துக்காரர்களுக்குள் பெரிய பேச்சு. பேராசிரியை கேட்டதற்குக் கழுத்துவலி என்றாராம். மருந்துக்கடைக்காரரிடம் வெயில் கண்ணில் அடிக்கிறது என்றிருக்கிறார். அவர் பார்த்து உட்கார்ந்த சுவர் கிழக்குச் சுவர். காலை வெயில் நேராக அவர் முகத்தில்தான் விழும். கைப்பேசிக் கண்ணாடியில் பின்னால் நடப்பதைப் பார்க்கிறார் என்று பெரியவர் கண்டுபிடித்துச் சொன்னார். பிள்ளைகள் போய்ச் சோதித்தார்கள். கைப்பேசி பையில் அணைந்து கிடந்தது.

என்னிடம் ஒருமுறை வேறொரு காரணம் சொன்னார். "பாத்தா பயந்துடுவேங்க. எனக்குப் பயம் ஜாஸ்தி. பயந்துட்டா வாயி சும்மா இருக்காது. அதத் தொடாத, இத எடுக்காதன்னு கத்திக்கினே இருப்பேன். அப்பறம் புள்ளைங்க இன்னாத்துக்குத் தோட்டத்துக்கு வரணும்? வூட்லயே இருக்கலாமே."

இதைக் கேட்டதும் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அடுத்த நிமிடமே, பயப்படுகிறவர் பார்க்காமல் இருந்தால் ஆபத்து இல்லாமல் போய்விடுமா என்றும் தோன்றியது. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. இன்றைக்கும் அப்படித்தான்.

பயம் என்று அவர் சொன்னது பொய்யில்லை. மண்புழுவைக் கண்டால் அவருக்கு உயிர் போய்விடும். மண்புழு உரம் சொல்லித்தர வேண்டியவரும் அவரேதான். அந்த வகுப்பை நான் கேட்டருகே நின்று பார்த்தேன்.

"கைல எடுத்தியா? கிட்டக் கொண்டாராத, அங்கேர்ந்தே சொல்லு. இன்னா பண்ணுது?"

"நெளியுது அத்தை."

"நெளியுதுன்னா எப்டி? பாம்பு மாதிரியா?"

"இல்ல அத்தை. சுருங்கிச் சுருங்கி நீளுது."

"மூஞ்சி எந்தப் பக்கம்?"

பிள்ளைகள் கூடிக் குனிந்து பார்த்தார்கள். ஒரு வாண்டு சொன்னான்: "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குது அத்தை. ஜெராக்ஸ் எடுத்த மாதிரி."

அவருடைய முதுகு குலுங்கியது. சிரிக்கிறார் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "நல்லாப் பாத்து சொல்லுடா. எந்தப் பக்கம் மொதல்ல நவருதோ அந்தப் பக்கம்தான் மூஞ்சியா? அது பின்னாடியும் போவுமா?"

அவர் பார்க்காததால் பிள்ளைகள் எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. கத்திரி இலையில் பூச்சி என்றால் போதாது. இலைக்கு மேலா, அடியிலா, ஓரத்தைத் தின்றிருக்கிறதா, நடுவில் ஓட்டையா, பூச்சிக்கு என்ன நிறம், தொட்டால் விழுகிறதா? அதுவும் அவர் காதில் விழுகிற மாதிரி உரக்கச் சொல்ல வேண்டும். முணுமுணுத்தால், "கேக்கல, இன்னொரு வாட்டி" என்பார். இப்படிச் செய்தால் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள் என்று திட்டம் போட்டுத்தான் செய்தாரா, பயத்தில் தொடங்கியது இப்படி ஆகிவிட்டதா என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

கயல் அப்போது ஐந்தாம் வகுப்பு. கேட்டால் மட்டும் பதில் சொல்லுகிற பிள்ளை. தோட்டத்துக்குப் போக ஆரம்பித்த பிறகு சோற்றில் கிடக்கும் கீரைத்தண்டை எடுத்து, "இதுக்கு உள்ள ஓட்ட இருக்குதும்மா, ஆனா நேரா இல்ல" என்று சொல்ல ஆரம்பித்தாள். அதற்காகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். அனுப்பினேன் என்றால் கூடப்போய்க் கேட்டருகே நின்றேன் என்று அர்த்தம்.

ஒருநாள் ஒரு சிறுமி களைக்கொத்தால் கால் விரலைக் கொத்திக்கொண்டாள். நான் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை வாயைத் திறந்து இன்னும் சத்தம் வரவில்லை. அதற்குள் ஜெராக்ஸ் அத்தை முறத்தைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடினார். இரத்தத்தைப் பார்த்ததும் அவரே வெலவெலத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மருந்துக்கடைக்காரர்தான் கட்டுப் போட்டார். எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன்.

"கொத்தற சத்தத்துல ஒண்ணு கம்மியாச்சிங்க" என்றார், தண்ணீர் குடித்துக்கொண்டே.

காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப் போனார்கள். மின்வாரியப் பெரியவருக்கு வெள்ளிமலைச் சந்தையில் பழக்கமான ஒரு மலைக்கார அம்மா உண்டு. தோட்டத்துக்குச் சாமை விதையும் தினை விதையும் அந்த அம்மாதான் கொடுப்பார். தினை முற்றியிருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள் என்று சொல்லியிருந்தார். நானும் போனேன். கயலை மட்டும் அனுப்புவதாவது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வளைவுகளில் வேன் ஏறும்போதெல்லாம் நான் கயலின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, உடு" என்று அவள் காதருகில் சொன்னாள்.

அந்த அம்மாவின் தினைக் கொல்லை ஒரு சரிவில் இருந்தது. கீழே ஓடை. முந்தின வாரம் மழை பெய்திருந்ததால் தண்ணீர் கலங்கலாக இரைந்துகொண்டு போனது. மேலே காட்டை ஒட்டி, நான்கு கால் நட்டு ஒரு பரண் கட்டியிருந்தார்கள். கிளியும் குருவியும் வந்தால் அதன் மேலிருந்து தகரம் தட்டி விரட்டுவார்களாம். கொல்லைப் பக்கம் ஓலைத்தட்டி வைத்து மறைத்திருந்ததால் பரணின் உள்ளே இருப்பது கீழிருந்து தெரியாது.

மலைக்கார அம்மா கதிரைப் பறித்துக் கொடுத்தார். பிள்ளைகள் உள்ளங்கையில் கசக்கி, உமி ஊதி, தினையை வாயில் போட்டுக்கொண்டார்கள். ஜெராக்ஸ் அத்தை வழக்கம்போலக் கொல்லைக்கு முதுகு காட்டி ஒரு பாறைமேல் உட்கார்ந்து, "கதிரு மேல முடி இருக்குதா? குத்துதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டு அண்டாவை இறக்க நான் பேராசிரியையுடன் வேனுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது கயல் இல்லை.

"இப்ப இங்கதான் ஆண்ட்டி இருந்தா" என்றார்கள் பிள்ளைகள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் காட்டினார்கள். மலைக்கார அம்மாவையும் காணோம்; கூழ் எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தார். நான் ஓடைக்குத்தான் ஓடினேன். வேறெங்கும் போக எனக்குத் தோன்றவில்லை. "கயலு! கயலூ!" என்று கத்தினேன். தண்ணீர் இரைச்சல். மேலே கொல்லையில் யாரோ தகரம் தட்டி, "ஓஓய்ய்! ஏய்ய்!" என்று கிளி விரட்டினார்கள். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி அந்த "ஓஓய்ய்." முரட்டுக் குரல். மலைப் பையன் ஒருத்தன் என்று நினைத்தேன். என் பிள்ளையின் குரல் வந்தால்கூடக் கேட்காதபடி கத்துகிறானே என்று ஆத்திரம் வந்தது.

"அந்தச் சத்தத்த நிறுத்தச் சொல்லுங்க யாராவது!" என்று அலறினேன்.

ஜெராக்ஸ் அத்தை எனக்குப் பின்னாலேயே ஓடி வந்திருந்தார். ஓடைக்கரையில் என் பக்கத்தில் நின்றவர், திடீரென்று தண்ணீருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மேட்டைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்துபோனது.

"இப்பக்கூடவா முதுகக் காட்டிக்கினு நிப்பீங்க? எம் புள்ள தண்ணில மெதந்தாலும் திரும்பிக்கினுதான் நிப்பீங்களா?"

அவர் என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார், ஏதோ சொல்லப் போனார், மூடிக்கொண்டார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார். மண்புழுவுக்குப் பயப்படுகிறவர். இடுப்பளவு கலங்கல் தண்ணீரில் கையை விட்டுப் பாறைச் சந்துகளைத் துழாவினார். அவர் பற்கள் தந்தியடித்தது கரையிலிருந்தே தெரிந்தது.

மலைக்கார அம்மா கூழ்ப்பானையோடு வந்து சேர்ந்தார். "இன்னா தேடறீங்க எல்லாரும்?"

"பொண்ணக் காணோம்மா."

"அந்தப் பச்சச் சட்ட போட்ட புள்ளயா? பரண் மேல இல்ல இருக்குது? நானும் உக்காரட்டுமான்னு கேட்டுச்சி. நான்தான் ஏத்தி உட்டேன். மாத்தாள் வராம பரணு எறங்கக் கூடாது, கொல்லையே போயிடும்னு சொல்லி வெச்சிட்டுப் போனேன். பாரு, சொன்ன மாதிரி இருக்குது."

கயல் ஏணியில் இறங்கி வந்தாள். முகமெல்லாம் சிவந்து பெருமையில் மின்னியது. "ஒரு கிளியக்கூட உக்கார உடலம்மா" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன். முதுகில் ஒன்று வைத்தேன். மறுபடி கட்டிக்கொண்டேன். பிறகு எல்லோர் முன்னாலும் ஜெராக்ஸ் அத்தையைப் பார்த்து வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். பொறுப்பு என்றேன். பெற்றிருந்தால் தெரியும் என்றேன். புடவை சொட்டச் சொட்ட நின்று கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு சில ஞாயிறுகள் அவர் தோட்டத்துக்கு வந்ததாகப் பேராசிரியை சொன்னார். ஸ்டூலைத் திருப்பிப் போட்டுப் பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்தாராம். "அதத் தொடாத, மெதுவா, பாத்துடா பாத்துடா" என்று ஓயாமல் கத்தினாராம். பிள்ளைகள் முதலில் சிரித்திருக்கிறார்கள். பிறகு எதையும் தொடாமல் நின்றிருக்கிறார்கள். பிறகு அவர் வரவில்லை.

நானும் கயலை அனுப்பவில்லை. எனக்கு அது நியாயமாகவே பட்டது, ஒருநாள் சாப்பிடும்போது கயல் அதைச் சொல்கிறவரை.

"பரண் மேல இருந்தியே, நான் கூப்ட்டது கேக்கலயாடி?" என்று எதற்கோ கேட்டேன்.

"கேட்டுச்சே. நீ கூப்ட்டப்ப எல்லாம் பதிலுக்குக் கத்துனேனே. ஓய்னு."

கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன். எங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசுவது கிடையாது. அவள் அப்பாவுக்குச் சர்க்கரை ஆலையில் ஷிப்ட் வேலை. பாதி நாள் பகலில்தான் தூங்குவார். கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் வாயில் விரலை வைத்து "உஷ்" என்று பழக்கியிருக்கிறேன். கயல் தொண்டை திறந்து கத்தினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

ஜெராக்ஸ் அத்தை கேட்டிருக்கிறார். ஞாயிறுதோறும், முதுகுக்குப் பின்னாலிருந்து.

அப்படியென்றால் அன்று ஓடைக்கரையில் திரும்பி நின்றது எதற்கு? பரணில் இருப்பது யாரென்று அவருக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? என்னைத் தவிக்க விட்டுப் பார்த்தாரா? தெரிந்தவர் எதற்காக அந்தத் தண்ணீரில் இறங்கினார்? நான் வேலை பார்க்கும் அரிசி ஆலையில் உட்கார்ந்து கணக்கு எழுதும்போது கூட்டல் தப்பிக்கொண்டே இருந்தது. அவர் கயலை ஆபத்தில் விட்டவரா, அங்கிருந்தவர்களில் அவளை உண்மையாக அறிந்திருந்த ஒரே ஆளா? இது தெரியாமல் கயலை இனி யாரிடம் நம்பி விடுவது?

ஒரு சனிக்கிழமை ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். நகல் எதற்கும் தேவைப்படவில்லை. அவர் என்னைப் பார்த்தார், அட்டையை வாங்கினார், இயந்திரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வேலைக்கு அப்படித்தான் நிற்க வேண்டும்.

"ஒண்ணு கேக்கணுங்க" என்றேன். "அன்னிக்கி மலைல, கிளி வெரட்டற சத்தம் கேட்டுச்சி இல்ல. அது கயலு கொரலுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிதா?"

இயந்திரத்தின் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது.

"அவ மாதிரிதான் இருந்துச்சி."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லத்தாங்க திரும்பினேன்." தாளை எடுத்து ஓரத்தைத் தட்டி நேர்ப்படுத்தினார். "ஆனா பெத்தவங்க நீங்க பக்கத்துலயே நிக்கிறீங்க. அந்தச் சத்தத்த நிறுத்துன்னு வேற சொல்றீங்க. அம்மாவுக்கே தெரியல, எனக்கு இன்னா தெரிஞ்சிடப் போவுதுன்னு நெனச்சேன். நான் பரணுக்கு ஓடி, அங்க வேற யாருனா இருந்து, இங்க புள்ள தண்ணில போயிட்டா? எங்காது மேல எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. அன்னிலேர்ந்து காதுல கேக்கறத நம்ப முடியலிங்க. அதான் பாக்க ஆரம்பிச்சேன். பாத்தா பயமா இருக்குது. வராம நின்னுட்டேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதா, சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று சண்டை போடுவதா? வாயில் வந்தது மூன்றாவது ஒன்று.

"நாளைக்கி கயல தோட்டத்துக்கு அனுப்பறேன். நீங்களும் வாங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்களும் கூட வருவீங்களா?"

"கேட்டாண்டதான் நிப்பேன். உள்ள வர மாட்டேன்."

"அப்ப வேணாங்க" என்றார் மெதுவாக, கோபமே இல்லாமல். "நீங்க நின்னா எனக்கு ஒண்ணும் கேக்காது."

மறுநாள் காலை கயல் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நானும் என் செருப்பைத் தேடி எடுத்தேன், பிறகு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். "நீ போ. அத்தை வந்தா, அம்மா வரலன்னு சொல்லு" என்றேன். அவள் நம்பாமல் தெருமுனைவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். உள்ளே அவள் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். தோட்டம் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து பிள்ளைகளின் சத்தம் எழுந்தது. எழுந்து போய் எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, அதில் கயல் எது என்று கேட்டபடி நின்றேன். ஒரு குரல் அவளுடையது மாதிரி இருந்தது. அதற்கடுத்து வந்ததும் அவளுடையது மாதிரிதான் இருந்தது.